மாடு எப்போது ஆற்றுக்குள் போனது?

1

எங்கள் வீட்டு ஃப்ரீசரில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா ஒரு வாரமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அதைத் திறந்துவிட்டார். உள்ளே ஐஸ்கிரீம் இல்லை. அரைத்து, தட்டையாகப் பரப்பி, உறைய வைத்த மாட்டு இதயம் இருந்தது.

"என்னடா இது?"

"டிஸ்கஸுக்கு சாப்பாடும்மா. பீஃப் ஹார்ட். உலகம் பூரா எல்லாரும் இதான் போடுறாங்க."

அம்மா டப்பாவைப் பார்த்தார். ஹாலில் இருந்த தொட்டியைப் பார்த்தார். தட்டு மாதிரி வட்டமான ஆறு மீன்கள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றன.

"மாடு எப்போடா ஆத்துக்குள்ள போச்சு?"

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். நான்கு மாதம் கழித்து ஆறு மீன்களில் இரண்டு போய்விட்டன. முதலில் சாப்பிடுவதை நிறுத்தின. பிறகு வெள்ளை நூல் மாதிரிக் கழிவு. வயிறு ஒட்டி, நெற்றி கூர்மையாகி, மூலையில் ஒதுங்கி, ஒரு காலையில் பக்கவாட்டில் மிதந்தன. மாட்டு இதயம்தான் கொன்றது என்று சொல்ல மாட்டேன். தண்ணீர் மாற்றுவதில் என் சோம்பலுக்கும் பங்கு உண்டு. ஆனால் ஒரு நாளைக்கு மூன்று வேளை அந்தச் சிவப்புக் கட்டியைப் போட்டுவிட்டு, மீன்கள் பாய்ந்து பாய்ந்து தின்பதைப் பார்த்து "நல்லா சாப்பிடுது" என்று பூரித்துப் போனவன் நான்தான்.

அம்மாவின் கேள்வி அதற்குப் பிறகுதான் எனக்குள் இறங்கியது. தென்னமெரிக்கக் காட்டு ஆறு ஒன்றில் வாழும் மீனின் தட்டில் மாடு எப்படி வந்தது? யார் வைத்தார்கள்? அதற்கு முன் அந்த மீன் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தது? தேடத் தொடங்கியபோது கதை அமேசானுக்குப் போகும் முன் வியன்னாவுக்குப் போனது.

2

1817-இல் ஆஸ்திரிய இளவரசி லியோபோல்டினாவுக்கும் போர்ச்சுகல் இளவரசர் பெட்ரோவுக்கும் திருமணம். மணப்பெண் பிரேசிலுக்குக் கப்பலேறியபோது அவரை ஒட்டி ஒரு அறிவியல் குழுவும் கிளம்பியது. அதில் ஒருவர் யோஹான் நாட்டெரர். மற்றவர்கள் பலர் சில ஆண்டுகளில் ஊர் திரும்பிவிட்டார்கள். நாட்டெரர் திரும்பவில்லை. 18 ஆண்டுகள், 1835 வரை, பிரேசிலின் காடுகளிலும் ஆறுகளிலும் சுற்றினார். பறவைகள், பாலூட்டிகள், பூச்சிகள், மீன்கள் என்று பெட்டி பெட்டியாக வியன்னாவுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்.

அப்படி வந்த பெட்டிகளில் ரியோ நீக்ரோ ஆற்றில் பிடித்த ஒரு மீன் இருந்தது. இன்றைய மனாஸ் நகரத்துக்கு அருகே ரியோ நீக்ரோ அமேசானில் கலக்கிறது. அதன் தண்ணீர், பெயருக்கு ஏற்றபடி, பால் விடாத டீ டிகாக்‌ஷன் நிறம். காட்டின் இலைகள் ஊறி ஊறி வந்த சாயம் அது.

வியன்னா அருங்காட்சியகத்தில் மீன்களைப் பார்த்தவர் யோஹான் யாகோப் ஹெக்கல். அவர் கையில் இருந்தது சாராயத்தில் ஊறிய செத்த மீன். அது எப்படி நீந்தும், எதைத் தின்னும், எங்கே முட்டையிடும் என்பதை அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஹெக்கல் கையில் இருந்ததை மட்டும் கவனமாகப் பார்த்தார். 1840-இல் பெயர் வைத்தார்: சிம்ஃபைசோடான் டிஸ்கஸ்.

பின்பாதி எல்லோருக்கும் புரியும். கிரேக்க விளையாட்டில் வீசும் வட்டத் தட்டு டிஸ்கஸ். கடைக்காரரும் வாங்குகிறவரும் அந்தப் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம். முன்பாதியை விட்டுவிட்டோம். தாடையின் இரண்டு பாதிகளும் முன்புறம் வந்து சேரும் இடத்துக்கு சிம்ஃபைசிஸ் என்று பெயர். ஓடான் என்பது பல். அந்தச் சேருமிடத்தில் மட்டும் பல் உள்ள மீன் என்று பொருள். வாயின் நடுவே ஒரு சின்னத் திட்டாகக் குட்டிப் பற்கள், மற்றபடி தாடை வெறுமை.

அதே ஆற்றில்தான் பிரானாவும் இருக்கிறது. அதன் வாயைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள், ரம்பம் மாதிரி. டிஸ்கஸின் வாயை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடித்துக் கிழிக்க அந்த வாயில் ஒன்றுமே இல்லை. மெதுவாகக் கொத்தி, உறிஞ்சி, பொறுக்கித் தின்கிற வாய் அது. இந்த மீன் என்ன சாப்பிடும் என்பதற்கான முதல் துப்பு அதன் பெயரிலேயே 1840-லிருந்து இருக்கிறது. அதை யாரும் படிக்கவில்லை. நானும்தான்.

இந்த மீனுக்கு நம்மூரிலும் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு. கேரளத்துக்காரர்கள் மசாலா தடவி வாழையிலையில் பொதிந்து சுடுகிறார்களே, கரிமீன், அதுவும் டிஸ்கஸும் சிக்லிட் என்ற ஒரே குடும்பம். கரிமீனும் பெரும்பாலும் பாசியையும் மட்கிய இலையையும் மேய்கிற மீன்தான். உடம்பும் ஏறக்குறைய அதே வட்டம். கரிமீனுக்குத் தினமும் மாட்டுக்கறி போட வேண்டும் என்று யாராவது சொன்னால் காயலோரத்தில் சிரிப்பார்கள்.

3

டிஸ்கஸ் உயிரோடு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வரத் தொடங்கியது 1930-களில். வந்தவை சாப்பிடவில்லை. காட்டில் பிடித்து, படகில் மனாஸ் வந்து, கப்பலில் வாரக்கணக்கில் ஆடி, கண்ணாடிப் பெட்டிக்குள் இறக்கப்பட்ட மீன் அது. கொடுத்த எதையும் அது உணவு என்றே அடையாளம் காணவில்லை. அந்தக் காலத்து மீன் வளர்ப்பவர்களிடம் இருந்த உணவுகள் எவை? குளத்தில் வலைவீசி எடுத்த தண்ணீர்ப்பூச்சி, கொசுப்புழு, மண்புழுத் துண்டு, சாக்கடைச் சேற்றில் சிவப்பு நூல்பந்தாக நெளியும் டியூபிஃபெக்ஸ். நெளிகிறதைப் பார்த்தால் மட்டும் டிஸ்கஸ் வாய் திறந்தது. அதனால் "இது உயிருணவு தின்கிற மீன், புலால் மீன்" என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிட்டது.

டியூபிஃபெக்ஸில் ஒரு சிக்கல் இருந்தது. ஆக்ஸிஜன் குறைந்த, கழிவு நிறைந்த சேற்றில்தான் அது செழிக்கும். அங்கே இருக்கிற கிருமிகளையும் சேர்த்தேதான் தொட்டிக்குள் கொண்டுவரும். புழு தின்று கொழுத்த மீன்கள் குடல் நோயில் சாவது வாடிக்கையானது.

உலகப்போருக்குப் பிறகு இரண்டு விஷயங்கள் மாறின. ஒன்று, டப்பா உணவு. ஜெர்மனியில் உல்ரிக் பென்ஷ் 1950-களில் டெட்ராமின் என்ற செதில் உணவைக் கொண்டுவந்தார். மீன் வளர்ப்பு ஒரு நடுத்தரக் குடும்பப் பொழுதுபோக்காக மாறியதில் அந்தச் சின்ன டப்பாவுக்குப் பெரிய பங்குண்டு. இனி யாரும் வலையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போக வேண்டாம். ஆனால் டிஸ்கஸ் அதையும் சரியாகத் தொடவில்லை. தொட்டாலும் வளர்ச்சி போதவில்லை என்றார்கள்.

இரண்டாவது, வீட்டு ஃப்ரீசர். இங்கேதான் மாடு உள்ளே வருகிறது.

கசாப்புக் கடையில் இதயம் மலிவு, கேட்பாரும் குறைவு. மற்ற கறியைவிடக் கொழுப்பு கம்மி. மேலே இருக்கிற கொழுப்பையும் நரம்பையும் வெட்டிவிட்டால் சுத்தமான தசை. அரைத்தால் பிசின் மாதிரி ஒட்டும், தண்ணீரில் சீக்கிரம் கரையாது. அதோடு கீரை, இறால், பூண்டு, வைட்டமின் பொடி என்று எதை வேண்டுமானாலும் கலக்கலாம். ஒரு தடவை அரைத்து உறைய வைத்தால் ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை. டியூபிஃபெக்ஸ் மாதிரி சாக்கடைக் கிருமியும் வராது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் டிஸ்கஸ் வளர்த்தவர்கள் ஆளுக்கொரு கலவை வைத்திருந்தார்கள். பிரியாணி மசாலா மாதிரி, ரகசியமாக.

மீன்கள் வளர்ந்தன. அதுதான் முக்கியம். கண்ணுக்கு முன்னால் வளர்ந்தன. சாப்பிடாமல் செத்துக்கொண்டிருந்த மீன் இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நின்றது. அந்த வெற்றியின் முன்னால் "ஆனால் காட்டில் இது என்ன தின்கிறது?" என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆளில்லை. மீனைப் பிடித்து விற்கிறவர்கள் ஆற்றில் இருந்தார்கள். அதன் வயிற்றைத் திறந்து பார்க்கிறவர்கள் இல்லை.

4

டிஸ்கஸின் உணவு வரலாற்றில் மனிதன் கலக்காத ஒரு பக்கம் உண்டு. அது தாய்ப்பால் பக்கம்.

தொட்டியில் டிஸ்கஸ் முட்டையிட ஆரம்பித்தபோது வளர்ப்பவர்கள் மற்ற மீன்களுக்குச் செய்ததையே செய்தார்கள். பெற்றோர் குஞ்சைத் தின்றுவிடும் என்று பயந்து பிரித்து வைத்தார்கள். நுண்ணுயிர் கலந்த தண்ணீர் ஊற்றினார்கள். ஆர்டீமியா என்ற உப்பளத்து இறாலின் முட்டையைப் பொரித்துக் கொடுத்தார்கள். ஆர்டீமியா அப்போது ஒரு பெரிய கண்டுபிடிப்பு. மீன் குஞ்சுகளுக்கு அது நல்ல உணவு என்று 1933-இல் ஆல்வின் சீல் எழுதியிருந்தார். மற்ற குஞ்சுகள் அதைத் தின்று வயிறு ஆரஞ்சு நிறமாகத் திரிந்தன. டிஸ்கஸ் குஞ்சுகள் மட்டும் பட்டினியில் செத்தன.

பிரிக்காமல் விட்டவர்கள்தான் அந்த அதிசயத்தைப் பார்த்தார்கள். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் நேராக அப்பா, அம்மா உடம்பில் போய் ஒட்டிக்கொண்டன. தோலை மேய்ந்தன. பெற்றோரின் உடம்பு கருத்து, தோலில் ஒரு வழுவழுப்பான படலம் சுரந்தது. குஞ்சுகளுக்கு அதுதான் சாப்பாடு. 1959-இல் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர் ஹில்டமன் இதை அறிவியல் இதழில் பதிவு செய்தார். ஒருவர் களைத்தால் உடம்பை ஒரு சொடுக்குச் சொடுக்கிக் குஞ்சுகளை மற்றவர் பக்கம் தள்ளிவிடுவார். ஷிஃப்ட் முறை.

2010-இல் பிரிட்டனின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சுரப்பை எடுத்துச் சோதித்தார்கள். முட்டையிட்டதும் அதில் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருளும் கூடுகின்றன. முதல் இரண்டு வாரம் பெற்றோர் பொறுமையாக நின்று ஊட்டுகின்றன. மூன்றாவது வாரம் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நீந்த ஆரம்பிக்கின்றன. குஞ்சுகள் துரத்துகின்றன, அவை நகர்ந்துவிடுகின்றன. நம் வீடுகளில் வேப்பெண்ணெய் தடவிப் பால் மறக்கடிப்பது போலத்தான். பாலூட்டிகளோடு ஒப்பிடத்தக்க பராமரிப்பு என்றார்கள் அந்த ஆய்வாளர்கள்.

உணவு பற்றி யோசிக்கிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. டிஸ்கஸின் சாப்பாடு வயதுக்கு வயது மாறுகிறது. குழந்தைக்குப் புரதம் நிறைந்த, மென்மையான, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கிற உணவு. ஒரே நேரத்தில் பெரிய உருண்டையாக வருவது அதன் வாழ்க்கையில் எந்த வயதிலும் கிடையாது.

மனிதன் இந்தப் பக்கத்தையும் சும்மா விடவில்லை. பெற்றோர் முட்டையைத் தின்றுவிட்டால் நஷ்டமாச்சே. அதனால் முட்டையைத் தனியே பொரிக்க வைத்து, சின்னக் கிண்ணத்தின் ஓரத்தில் கோழிமுட்டை மஞ்சள்கருவைப் பசையாகத் தடவி, குஞ்சுகளை ஏமாற்றி வளர்க்கிற முறை வந்தது. அமெரிக்க வளர்ப்பாளர் ஜாக் வாட்லி இதில் பெயர் பெற்றவர். இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டும். குஞ்சுகள் பிழைத்தன, ஆனால் பெற்றோரிடமிருந்து வரும் எதிர்ப்புச்சக்தி மஞ்சள்கருவில் ஏது?

5

1970, 80-களில் டிஸ்கஸின் தலைநகரம் கிழக்கே நகர்ந்தது. ஹாங்காங், பாங்காக், சிங்கப்பூர், குறிப்பாகப் பினாங்கு. வெப்பம் இயற்கையாகவே உண்டு, ஹீட்டர் செலவு இல்லை. வீட்டுப் பின்கட்டிலும் கொட்டகையிலும் வரிசை வரிசையாகத் தொட்டிகள். அமேசான் மீன் மலேசியக் குடிசைத் தொழிலானது.

தொழிலானதும் கேள்வி மாறியது. "மீன் எப்படி உயிரோடு இருக்கும்?" போய், "எத்தனை மாதத்தில் விற்கிற அளவுக்கு வரும்?" வந்தது. 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் பிஜன் பிளட் என்ற ரகம் வந்தபோது இன்னொரு கேள்வியும் சேர்ந்தது: "எவ்வளவு சிவப்பாகும்?" காட்டு டிஸ்கஸின் கறுப்புப் பட்டைகள் இந்த ரகத்தில் இல்லை. வெள்ளை, மஞ்சள் தரைமேல் சிவப்பு ஏறுவதற்கு இடம் கிடைத்தது. அந்தச் சிவப்பின் பெரும்பகுதி உணவிலிருந்து வருவது. இறால் ஓட்டிலும் கிரில்லிலும் உள்ள அஸ்டாக்ஸாந்தின் என்ற நிறமியை உணவில் கலந்தால் மீன் சிவக்கும், நிறுத்தினால் வெளிறும். கடையில் மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் ஏன் ஆரஞ்சானது என்று குழம்புகிறவர்களுக்குப் பதில் இதுதான். அஸ்டாக்ஸாந்தினாவது இயற்கையில் உள்ள பொருள். குட்டி மீனுக்கு ஹார்மோன் கொடுத்து, வயதுக்கு மீறிய நிறத்தை வரவழைத்து விற்ற கதைகளும் இந்தத் தொழிலில் உண்டு. அப்படிப்பட்ட மீன் பிறகு இனப்பெருக்கத்துக்கு ஆவதில்லை.

இதே பினாங்கில்தான் முதல்முறையாக யாரோ உட்கார்ந்து அளந்தார்கள். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் சோங், ரொஷாடா ஹஷிம் ஆகியோர் அடங்கிய குழு, டிஸ்கஸுக்கு எவ்வளவு புரதம் தேவை என்று வெவ்வேறு அளவில் கொடுத்துப் பார்த்தது. 2000-இல் வந்த அவர்களுடைய கட்டுரையின்படி, வளரும் டிஸ்கஸுக்கு உணவில் ஏறத்தாழ 45 முதல் 50 சதவீதம் புரதம் வேண்டும். சோயா மாவைக் கொடுத்தும் பார்த்தார்கள். மீன்மாவுக்குப் பதிலாகக் கொஞ்சம் சேர்க்கலாம், அளவு கூடினால் வளர்ச்சி குறையும்.

அப்படியென்றால் மாட்டு இதயக் கட்சிதான் ஜெயித்ததா? இல்லை. வளரும் குட்டிக்கு நிறையப் புரதம் வேண்டும் என்பது உண்மை. அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது, கூட எது வருகிறது என்பது வேறு கேள்வி. மாட்டுக் கொழுப்பு உருகுவதற்கு ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். மாட்டின் உடம்பு அந்த வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிஸ்கஸுக்குத் தனியாக உடல்சூடு கிடையாது, தண்ணீரின் சூடுதான் அதன் சூடு, 28 முதல் 30 டிகிரி. ஆற்றிலும் கடலிலும் உள்ள உயிர்களின் கொழுப்பு அந்த வெப்பத்தில் எண்ணெயாக ஓடும். மாட்டுக் கொழுப்பு ஓடாது. மீன் உடம்பு அதைச் சரியாகச் செலவழிக்க முடியாமல், அளவு மீறினால் ஈரலில் சேர்த்து வைக்கும். வெறும் தசையில் கால்சியம் குறைவு, நார் இல்லை, மீனுக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பு இல்லை. போதாததற்குத் தின்றது போக மிஞ்சிய துணுக்கு அந்தச் சூட்டில் சில மணி நேரத்தில் அழுகும். தின்ற புரதமும் கடைசியில் அம்மோனியாவாகச் செவுள் வழியாகத் தண்ணீருக்குத்தான் வரும். பினாங்குக்காரர் தினம் முக்கால் தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டே இதயம் போட்டார். நான் இதயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன், தண்ணீரை விட்டுவிட்டேன்.

6

ஹெக்கல் பெயர் வைத்து 168 ஆண்டு கழித்து, 2008-இல், வில்லியம் கிராம்ப்டன் என்ற ஆய்வாளர் அமேசான் வெள்ளச் சமவெளியில் டிஸ்கஸ் எப்படி வாழ்கிறது என்று விரிவாக எழுதினார். மீனை அதன் வீட்டிலேயே போய்ப் பார்த்த கட்டுரை.

அந்த வீட்டைக் கொஞ்சம் கற்பனை செய்துகொள்ள வேண்டும். மத்திய அமேசானில் ஆற்றின் மட்டம் வருடத்துக்கு ஏறத்தாழ 10 மீட்டர் ஏறி இறங்கும். மூன்று மாடி உயரம். வெள்ளக் காலத்தில் காடு தண்ணீருக்குள் போய்விடும், மீன்கள் மரக்கிளைகளுக்கு நடுவே நீந்தும். டிஸ்கஸ் அப்போதுதான் முட்டையிடும். தண்ணீர் வடிந்ததும் ஏரிக்கரையோரம் விழுந்து கிடக்கும் மரங்களின் கிளைக்கூட்டத்துக்குள் கும்பலாக வந்து ஒளிந்துகொள்ளும். அந்தத் தட்டை உடம்பு அதற்காகத்தான், கிளைக்கும் கிளைக்கும் நடுவே நுழைய.

அங்கே என்ன சாப்பாடு? தண்ணீரில் ஊறிய கிளையைத் தடவிப் பார்த்தால் வழுக்குமே, அந்தப் படலம். பாசி, நுண்ணுயிர், அதில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் எல்லாம் சேர்ந்த மெத்தை அது. அதோடு மட்கிய இலைத்தூள், செடிப் பகுதிகள், சின்னச் சின்ன நீர்ப்பூச்சிகள், இறாலினங்கள். டிஸ்கஸ் நாள் முழுக்க அதைக் கொத்திக்கொண்டே இருக்கிறது. அதன் குடலும் நீளம். புலால் தின்னும் மீனுக்குக் குடல் குட்டை, இலைதழை மேய்கிறதுக்கு நீளம் என்பது பொதுவான கணக்கு. பல் 1840-இல் சொன்னதையே குடலும் சொன்னது.

அது சைவம் என்று ஒரேயடியாகச் சாயவும் கூடாது. பாசிப் படலத்தில் உயிருணவும் உண்டு, வெள்ளக்காலத்தில் பூச்சிகளும் உண்டு. அது மேய்கிற மீன், அவ்வளவுதான். ஆட்டுக்குப் புல் மாதிரி நாள் முழுக்க அசைபோடும் வாழ்க்கை. நாம் அதைச் சிங்கம் மாதிரி மூன்று வேளை கறி போட்டு வளர்த்தோம்.

ரியோ நீக்ரோ கரையில் பார்செலோஸ் என்று ஒரு ஊர். வண்ணமீன் பிடித்து விற்பது அந்த ஊரின் பிழைப்பு. அங்கே வருடா வருடம் ஒரு வண்ணமீன் திருவிழா நடக்கும். ஊரே இரண்டு அணியாகப் பிரிந்து ஆடும், பாடும், போட்டி போடும். ஒரு அணியின் பெயர் கார்டினல், இன்னொன்று அகாரா டிஸ்கோ, அதாவது டிஸ்கஸ். நம்மூரில் கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு நிற்கிற மீனுக்கு அந்த ஊரில் ரசிகர் மன்றமே இருக்கிறது.

7

சரி, தட்டில் என்ன வைப்பது? மிச்சமிருந்த நான்கு மீன்களை வைத்து நான் கற்றுக்கொண்டதையும், மேலே சொன்ன வரலாறு சொல்வதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வயதைப் பார்க்க வேண்டும். பெற்றோரோடு இருக்கிற குஞ்சுக்கு முதல் நாட்களில் நாம் எதுவும் தர வேண்டாம், பிறகு மெல்ல ஆர்டீமியா குஞ்சு. தனியாக வந்த குட்டிக்கு 45 - 50 சதவீதப் புரதமுள்ள உணவு, நாளைக்கு ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் துளித்துளியாக. வளர்ந்த மீனுக்கு இரண்டு மூன்று முறை போதும், அதில் தாவரப் பங்கு கூட வேண்டும். குட்டிக்குப் போட்ட அதே உணவை அதே அளவில் பெரியவருக்கும் போடுவதுதான் பலரும் செய்கிற தவறு.

புரதம் தண்ணீரிலிருந்து வந்ததாக இருக்கட்டும். உறைய வைத்த ஆர்டீமியா, மைசிஸ், இறால். நல்ல குருணை உணவு வாங்கினால் டப்பாவின் பின்பக்கம் படியுங்கள். முதலில் எழுதியிருப்பதுதான் அதிகம் இருப்பது. முதல் இடத்தில் மீன், கிரில், இறால் இருந்தால் சரி, கோதுமை மாவு இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். நாட்பட்ட டப்பா வேண்டாம், திறந்த டப்பாவில் வைட்டமின் தங்காது.

பச்சைக்கு ஸ்பைருலினா. இந்த நீலப்பச்சைப் பாசிக்கும் சென்னைக்கும் ஒரு உறவு உண்டு. முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி. சேஷாத்ரி, கிராமத்துக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவுக்கு இதைத் தீர்வாகப் பார்த்துப் பல ஆண்டுகள் உழைத்தவர். மனிதக் குழந்தைக்கு யோசித்த பொருள் இன்று மீன் உணவு டப்பாக்களில் இருக்கிறது. காட்டு டிஸ்கஸ் கிளையில் மேயும் பாசிக்கு நாம் கொடுக்கக்கூடிய மிக நெருங்கிய பதிலி அது.

ரத்தப்புழு எல்லா டிஸ்கஸுக்கும் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காகவே தினமும் போட வேண்டாம், அது பஜ்ஜி மாதிரி. உறைய வைத்ததை வாரத்தில் ஓரிரு முறை கொடுக்கலாம். சாக்கடை டியூபிஃபெக்ஸை உயிரோடு வாங்கிப் போடவே வேண்டாம். மாட்டு இதயம் போட்டே ஆக வேண்டும் என்றால் வளரும் குட்டிக்கு, கொழுப்பை முழுக்க எடுத்துவிட்டு, எப்போதாவது, தண்ணீர் மாற்றுகிற நாளில்.

கடைசியாக, பாய்ந்து வந்து தின்பதைப் பசி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மேய்கிற மீன் எப்போதும் மேயத் தயாராகத்தான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் தரையில் எதுவும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அளவு அதிகம். வாரத்தில் ஒரு நாள் வளர்ந்த மீனுக்குச் சாப்பாடே போடாமல் விடலாம், ஒன்றும் ஆகாது. அம்மா இதைக் கேட்டதும், "நாங்க அதைத்தானே சஷ்டி, கிருத்திகைன்னு சொல்றோம்" என்றார்.

8

கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக நிற்கும் தெருவில் இப்போதும் அவ்வப்போது போய் வேடிக்கை பார்ப்பேன். வீட்டு மொட்டைமாடியில், சிமெண்ட் தொட்டியில் மீன் வளர்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய. டிஸ்கஸ் தொட்டி முன்னால் யாராவது ஒரு கல்லூரிப் பையன் நின்று கேட்பான்:

"அண்ணே, இது என்ன சாப்பிடும்?"

"எது போட்டாலும் சாப்பிடும் தம்பி."

பொய் இல்லை அது. இந்த மீனின் துரதிர்ஷ்டமே அதுதான். 90 வருடமாக நாம் எதைப் போட்டோமோ அதை அது தின்றிருக்கிறது: சாக்கடைப் புழு, செதில், இதயம், மஞ்சள்கரு, சிவப்பு நிறமி. நமக்கு அது உயிரோடு இருக்க வேண்டியிருந்தபோது ஒன்று, பெரிதாக வேண்டியிருந்தபோது ஒன்று, சிவக்க வேண்டியிருந்தபோது ஒன்று. அதற்கு என்ன வேண்டும் என்று நாம் கேட்கவே இல்லை.

அம்மாவின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. மாடு ஆற்றுக்குள் இரண்டு வழியில் போனது. ஒன்று, நம் ஃப்ரீசர் வழியாகத் தொட்டிக்குள். இன்னொன்று நிஜமான மாடு, நிஜமான அமேசானுக்குள். அங்கே காடு அழிவதற்கு முதன்மையான காரணம் மாட்டு மேய்ச்சல் நிலம். காடு போனால் தண்ணீரில் விழ மரம் இல்லை. மரம் இல்லையென்றால் கிளை இல்லை, கிளையில் படர்கிற பாசி இல்லை. டிஸ்கஸின் தட்டு அங்கேயும் காலியாகிக்கொண்டிருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் டப்பாவை எப்போதோ கழுவிப் பருப்பு போட்டு வைத்துவிட்டார். தொட்டிக்குள் நான் போட்ட காய்ந்த மரக்கிளையில் ஒரு பச்சைப் படலம் படர்ந்திருக்கிறது. வழக்கமாக அதைத் தேய்த்துக் கழுவிவிடுவேன். இந்த முறை விட்டுவிட்டேன். நான்கு மீன்களும் அதன் பக்கத்தில் சாய்ந்து நின்று, வாயின் நடுவே இருக்கிற அந்தச் சின்னப் பற்களால், ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டிருக்கின்றன.